லாந்தர்

புத்தகத்தில் அவள் பெயர் ப்ளூ லாந்தர்ன்.
எங்கள் வரிசையில் லாந்தரு.
ஆறாவது ரேஸ், ஆயிரத்து நானூறு மீட்டர்,
பதினோரு குதிரையில் ஒன்பதாவதாக வந்தாள்.

அப்போது நான்
எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லருக்கு அடியில்
ரசம் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜீரோ கேட்டுக்கு இன்னும் நூற்று நாற்பது வண்டி.
நேற்று சாயங்காலத்திலிருந்து நகர்ந்த தூரம்
எல்லையம்மன் கோயில் ஆர்ச்சிலிருந்து
ஒரு பஞ்சர் கடை வரை.
ஒரு பக்கம் கடல், கருங்கல்லில் மோதிக்கொண்டு.
தலைக்கு மேலே பெட்டி, சீல் வைத்தது.
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது.

கிண்டியிலிருந்து ஷர்புதீன் போன் செய்தான்.
மூச்சு மட்டும் கேட்டது.
"இன்னாடா?"
"இன்னாத்த சொல்ல."
ரெண்டாயிரத்து ஐந்நூறு.
ஓனர் ஸ்டெப்னி டயருக்குக் கொடுத்ததில்
பாதிக்கு மேல்.

முதலில் திட்டினேன்.
புத்தகத்தில் அப்பன் பெயர், ஆத்தா பெயர்,
ஆத்தாவைப் பெற்றவன் பெயர்வரை போட்டிருந்தது,
வசதியாக இருந்தது.

செய்தி வண்டி வண்டியாகப் பின்னால் போனது,
ஆட்கள் வண்டி வண்டியாக முன்னால் வந்தார்கள்.
ஜாக்கி இழுத்துப் பிடிச்சிட்டான் என்றார் பாபய்யா.
அவர் வீட்டில் கரண்ட் போனாலும்
ஜாக்கிதான் இழுத்துப் பிடித்திருப்பான்.
காத்தால மழை, தரை நெகிழ்ந்துபோச்சு,
அவளுக்குக் காய்ஞ்ச தரைதான் என்றான் ஏசுபாதம்.
போன மாதம் கொட்டுகிற மழையில்
நாலு நீளம் முன்னால் ஜெயித்தவள் அவள்,
அதையும் அவன்தான் சொல்லியிருந்தான்.
சுண்டல் வாளியோடு வந்த தேசராணி
வாளியை இறக்காமலே சொன்னாள்:
"அம்பது ரூபா எனக்கும் போச்சு.
பேரு கேட்டப்பவே நெனச்சேன்,
பட்டப்பகல்ல எவளாவது லாந்தர் ஏத்துவாளா?"

ராத்திரி வீடியோ வந்தது.
சீட்டில் படுத்து ஏழு தடவை பார்த்தேன்.

நானூறு மீட்டர் பாக்கி. வளைவு முடிகிறது.
உள்வேலியை ஒட்டி இரண்டாவதாக வருகிறாள்.
முன்னால் போகிற குதிரை கொஞ்சம் விலகுகிறது.
ஒரு கதவு அகலத்துக்கு வழி.
இதற்காகத்தானே மூன்று மாதமாக
புல்லும் கொள்ளும் தண்ணீரும்,
இருட்டோடு எழுப்பி ஓட்டமும்.
ஜாக்கி குனிகிறான். கை அசைகிறது.

அவள் காது ஒன்று பின்னால் திரும்புகிறது.

அவ்வளவுதான்.
காலில் நொண்டல் இல்லை, வாயில் நுரை இல்லை.
கியரிலிருந்து வழுக்கிய வண்டிபோல
அதே வேகத்தில், அதே கோட்டில் வருகிறாள்.
பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகின்றன.
சாட்டை இரண்டு முறை.
தன் முதுகில் விழவில்லை என்பதுபோல வந்தாள்.

எட்டாவது தடவை ஓடவிட்டேன்.
காது திரும்பும் இடத்தில் நிறுத்தினேன்.
அந்தக் காதுக்குள் என்ன கேட்டதோ.

பின்னால் ஹாரன்.
நிமிர்ந்தால் முன்னால் நாலு டிரெய்லர் நீளத்துக்குச்
சாலை காலி. கேட் திறந்துவிட்டான்.
மணி இரண்டே கால்.
சாவியில் கை இருந்தது.
ஹாரன், இன்னொரு ஹாரன், பாபய்யாவின் கெட்ட வார்த்தை,
எல்லாம் கேட்டது.
கை இருந்தது.
பதினொன்றுவரை எண்ணியிருப்பேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
வழி விட்ட இடத்தில் நான் போகாமல் நின்றது
அந்தப் பதினொன்றுதான்.

பிறகு திருவொற்றியூர் பக்கத்து லோடு ஒன்று
இடதில் மூக்கை நுழைத்தது.
விடுவேனா.
அடுப்பை எடுக்க மறந்து, ரசச் சட்டி மேலேயே
ஏற்றிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் மறுபடி ஓடுகிறாளாம்.
ஃபேவரிட் இல்லை, எட்டுக்கு ஒன்று தருகிறார்களாம்.
யோசிச்சுச் சொல்லு என்கிறான் ஷர்புதீன்.
ஐந்நூறு என்றேன்.
இரு, வை போனை.
முந்நூறு.